இழை அறுந்த இடம்

காலை 6.30 மணிக்குப் போன் அடித்தால் அது தறிக்கார வீடு என்று எடுக்காமலேயே தெரியும். எங்கள் ஊர் முள்ளிப்பட்டில் வெயில் ஏறுமுன் தறியில் உட்கார்ந்துவிடுவார்கள். முந்தின நாள் நெய்த முந்தானையைப் படம் எடுத்து வியாபாரிக்கு அனுப்புவதும் அந்த நேரத்தில்தான். "தம்பி, நெட்டு சுத்திக்கினே கீது, வந்து இன்னான்னு பாரேன்." 20 வருடமாக இன்டர்நெட் இணைப்புத் தொழிலில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான்.

முன்பெல்லாம் கேட்ட உடனே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். இப்போது போனிலேயே மூன்று கேள்வி கேட்கிறேன். எந்த ரூமில் சுற்றுகிறது? எந்த நேரத்தில்? எல்லாப் போனிலுமா, ஒரே போனிலா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இப்படிக் கேட்கக் கற்றுக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. கற்றுக்கொடுத்தவர் இன்டர்நெட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு நெசவாளர்.

என் அப்பாவும் தறிக்காரர்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தறிக்கு நூல் தார் சுற்ற வேண்டும். அப்படி வளர்ந்தவன் நான். ஆனால் தறியில் உட்காரவில்லை. கேபிள் டிவி இழுப்பவரிடம் உதவியாளாகச் சேர்ந்தேன். கம்பம் ஏறுவது, ஒயரைச் சீவுவது, மழைக்குப் பிறகு எந்த ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று ஊகிப்பது எல்லாம் அங்கே கற்றதுதான்.

2005 ஜனவரியில் இரண்டு காரியங்கள் நடந்தன. பிஎஸ்என்எல் தன் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. அதே மாதத்தில் மத்திய அரசு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் வாங்காமலே யாரும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. முதலாவது, கம்பி வழியே வேகமான இன்டர்நெட்டை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்தது. இரண்டாவது, அதை வீட்டுக்குள் காற்றில் பரப்ப வழி திறந்தது. நான் இன்றுவரை சோறு தின்பது இந்த இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான்.

அன்றைக்கு 256 கேபிபிஎஸ் என்றால் பிராட்பேண்ட். நொடிக்கு 32 கிலோபைட். இன்று ஒரு நெசவாளர் தன் போனில் எடுக்கும் சேலைப் படம் 4 எம்பி இருக்கும். அன்றைய கம்பியில் அது இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்திருக்கும். 2013இல் பிராட்பேண்டுக்கான அந்தக் குறைந்தபட்ச அளவு 512 கேபிபிஎஸ் ஆனது. 2023இல் 2 எம்பிபிஎஸ் ஆனது. எங்கள் தெருவில் இப்போது 50, 100 என்று சாதாரணமாக ஓடுகிறது. வேகம் நூறு மடங்குக்கு மேல் ஏறியும் காலை போனில் வருகிற வாக்கியம் மட்டும் மாறவில்லை. குறை வேகத்தில்தான் இருக்கிறது என்றால் அது எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். இதை நான் புரிந்துகொண்டது ஒரு தவறு செய்த பிறகு.

ஃபைபர் எங்கள் பக்கம் வந்த புதிது. தெருவின் கடைசியில் ஒரு நீள வீடு. முன்கூடத்தில் இரண்டு குழித்தறி, நடுவில் ஒரு ரூம், பின்னால் சமையலறை. ஒயர் கொல்லைப்பக்கமாக வந்ததால் வைஃபை பெட்டியை நடு ரூமில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிவிட்டேன். அங்கேதான் பிளக் பாயின்ட் இருந்தது. அந்த வீட்டு அக்கா வாட்ஸ்அப்பில் சேலை விற்கத் தொடங்கியிருந்தார். வீடியோ போகவில்லை என்று கூப்பிட்டார். நான் போய்ப் பெட்டியின் பக்கத்தில் நின்று வேகம் பார்த்தேன். நன்றாக இருந்தது. "பிளான் பத்தலக்கா, 100க்கு மாத்திடலாம்" என்றேன். நம்பி மாற்றினார். இரண்டு மாதம் கழித்து மறுபடி அதே புகார். பெட்டியை மாற்றினேன். மூன்றாம் முறை கூப்பிட்டபோது எனக்கே என்ன சொல்வதென்று தெரியவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே அந்த வீட்டு மாமா தறியில் இருந்தார். நெய்துகொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். துணியில் நூல் அளவுக்கு ஒரு கோடு விழுந்திருந்தது. எனக்குக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. அந்தக் கோட்டில் விரலை வைத்தார். அங்கிருந்து பண்ணை என்கிற சீப்புக்குப் போனார், பண்ணையிலிருந்து இழையைத் தூக்குகிற விழுதுக்கு, விழுதைத் தாண்டி நீளவாட்டு இழையான பாவுக்கு. ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவில் அறுந்த ஒன்றைப் பிடித்துவிட்டார். தறியில் தொங்கிய பட்டுக் கற்றையிலிருந்து அதே நிறத்தில் ஒரு துண்டு உருவி முடிச்சுப் போட்டு, விழுதிலும் பண்ணையிலும் நுழைத்து இழுத்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "எங்க அறுந்துச்சின்னு துணியே சொல்லும்பா. துணியில இருந்து பின்னாலயே போனா எடம் கெடச்சிடும். ஒரு எழ அறுந்ததுக்குப் பாவையா மாத்துவாங்க?"

அவர் தறியைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு முகம் சுட்டது. நான் இரண்டு முறை பாவை மாற்றியிருந்தேன்.

எழுந்து போய் அவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே நின்று போனில் சிக்னலைப் பார்த்தேன். மைனஸ் 82. இந்தக் கணக்கில் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் பலமாக இருக்கும். மைனஸ் 50 அருமை, மைனஸ் 67 வரை வீடியோ காலுக்குத் தாங்கும், 80ஐத் தாண்டினால் எதுவும் நிற்காது. மெல்ல நடு ரூமை நோக்கி நடந்தேன். பீரோவின் ஓரத்தைத் தாண்டிய அடியில் எண் சட்டென்று மைனஸ் 55க்கு ஏறியது. இரும்புத் தகடு ரேடியோ அலையை ஊடுருவ விடாது, திருப்பி அனுப்பிவிடும். நான் பெட்டியை ஒரு இரும்புச் சுவருக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, இன்டர்நெட் பத்தவில்லை என்று அந்தக் குடும்பத்திடம் காசு வாங்கியிருந்தேன். கொஞ்சம் நீளமான இணைப்பு ஒயர் போட்டு, பெட்டியை ஆறடி தள்ளி, கூடத்தைப் பார்த்த நிலைப்படிக்கு மேலே மாட்டினேன். தறியில் மைனஸ் 61 வந்தது. பிளானைப் பழையபடி 50க்கு இறக்கினேன். கூடுதலாகக் கட்டிய பணத்தைக் கையில் கொடுத்தபோது அக்கா வாங்கவில்லை. அடுத்தடுத்த ரீசார்ஜில் கழித்தேன்.

அன்றிலிருந்து என் வேலைமுறை மாறியது. துணியிலிருந்து பாவுக்குப் போவதுபோல, புகார் சொன்னவர் நிற்கிற இடத்திலிருந்து தொடங்குகிறேன். அவருடைய போனில், அவர் உட்காரும் இடத்தில், ஒரு முறை வேகம் பார்த்து எழுதிக்கொள்வேன். அடுத்து அதே போனோடு பெட்டிக்கு மூன்றடி தூரத்தில் நின்று ஒரு முறை. கடைசியாக லேப்டாப்பை ஒயரில் நேரே பெட்டியோடு இணைத்து ஒரு முறை. ஒயரில் முழு வேகம் வந்தால் வெளியே குறை இல்லை. ஒயரில் வந்து, பெட்டி பக்கத்தில் நின்றும் போனில் வராவிட்டால் பெட்டியோ போனோதான். பக்கத்தில் வந்து தள்ளிப் போனால் வராவிட்டால் குறை நடுவில் இருக்கிற காற்றிலும் சுவரிலும். இந்த மூன்று எண்கள் இல்லாமல் நான் யாரிடமும் பிளானைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒயரிலேயே வேகம் இல்லாவிட்டால் வெளியே போக வேண்டும். ஃபைபர் இழையின் நடுவே வெளிச்சம் ஓடுகிற பகுதி 9 மைக்ரான் அளவு. பட்டுப்புழு கக்குகிற ஒற்றை இழையும் 10 மைக்ரானுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் அந்த ஒயரை எப்படித் தொட வேண்டும் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டு மடிந்தாலும் நீட்டிக்கொள்ளலாம்; கண்ணாடி இழையை ஆணியில் சுற்றி இறுக்கினால் அந்த வளைவில் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும். வெளிச்சத்தை அளக்கிற பவர் மீட்டரில் பார்த்தால் மைனஸ் 18, மைனஸ் 22 என்று வரும். மூன்று எண் இறங்கினால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று பொருள். மைனஸ் 27ஐத் தொடும்போது பெட்டி தடுமாறும், பிறகு சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கும். ஒரு முறை மாடி தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் பதித்தவர் ஒயரைக் குழாயோடு சேர்த்து இறுகக் கட்டியிருந்தார். கட்டை அவிழ்த்ததுதான் அன்று நான் செய்த வேலை. கனெக்டர் முனையில் படிந்த தூசிக்கும் இதே கதைதான். துடைத்தாலே இரண்டு மூன்று எண் ஏறும்.

இனி காற்று. இதில்தான் எங்கள் தெருவுக்கென்று ஒரு கஷ்டம் இருக்கிறது. நெசவுத் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. கூடத்தில் நின்று போனைத் திறந்தால் 15, 20 வைஃபை பெயர்கள் வரும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 13 சேனல் இருந்தாலும் ஒவ்வொன்றும் பக்கத்துச் சேனலின் மேல் ஏறி நிற்கும். ஒன்றையொன்று தொடாமல் நிற்பவை 1, 6, 11 என்ற மூன்றுதான். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டார் நம் பாஸ்வேர்டை வைத்திருக்க வேண்டியதே இல்லை. அவர் தன் வீட்டில் சினிமா பார்த்தாலே, சேனல் ஒன்றாக இருந்தால், நம் வீட்டுப் போன் தன் முறைக்காக நிற்கும். பழைய போன் ஒன்று ஓரத்தில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் அதன் பேச்சு முடியும்வரை புதிய போனும் நிற்கும். "ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் சுத்துது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் தெருவைத்தான் நினைப்பேன்.

இதற்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் நல்ல மருந்து. 2018 அக்டோபரில் அரசு அந்த அலைவரிசையில் இன்னும் நிறைய இடத்தை உரிமமின்றித் திறந்துவிட்டது. அதனால் நெரிசல் குறைவு. ஆனால் அது சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். பழைய வீடுகளில் ஒன்றரை அடி மண்சுவர் இருக்கிறது. ஐப்பசி மழையில் அது ஈரம் குடித்தபின் அலையை இன்னும் அதிகமாக விழுங்கும். "வெயில் காலத்துல நல்லா வந்துச்சி, மழைல வரல" என்று ஒரு பாட்டி சொன்னபோது அவருடைய பேரன் சிரித்தான். பாட்டி சொன்னது சரி. தண்ணீர் அலையை உறிஞ்சும். தண்ணீர் டிரம்முக்கு அந்தப் பக்கம் பெட்டி வைத்த வீட்டிலும் இதையே பார்த்திருக்கிறேன். தகர ஷீட் போட்ட தறிக் கொட்டகைக்குள்ளும் வெளியிலிருந்து அலை சரியாகப் போகாது. ஆகவே தெருவைப் பார்த்த கூடத்துக்கு 5, பின்கட்டுக்கு 2.4 என்று வீட்டைப் பார்த்துத்தான் பிரித்துக் கொடுக்கிறேன்.

2020இல் ஊரடங்கு வந்தபோது இந்த வேலையின் பொருளே மாறிப்போனது. ஆர்டர் நின்றது, சேலைகள் மடித்தபடி கிடந்தன. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குப் போனில் பாடம், அம்மாவுக்குப் போனில் வியாபாரம். அப்போது வந்த புகார்களில் ஒன்று எனக்குப் புதிதாக இருந்தது. "யூடியூப் நல்லா ஓடுதுண்ணா. நாங்க அனுப்புறதுதான் போவல." போனில் சிக்னல் கோடு முழுதாக இருந்தது. ஒயரில் ஏறு வேகம், இறங்கு வேகம் இரண்டும் சரி.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிமையானது. சுவரில் மாட்டிய பெட்டி கரண்டில் ஓடுவது, பலமாகப் பேசும். கையில் இருக்கும் போன் பேட்டரியில் ஓடுவது, மெல்லத்தான் பேசும். பெட்டி பேசுவது போனுக்குக் கேட்கிறது. போன் பேசுவது பெட்டிக்குக் கேட்கவில்லை. கோடு காட்டுவது நமக்கு எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான். நாம் சொல்வது அங்கே எவ்வளவு கேட்கிறது என்று அது காட்டாது. படம் பார்க்கிற வீட்டுக்கு இது தெரியவே தெரியாது. படம் அனுப்பிப் பிழைக்கிற வீட்டுக்கு இதுதான் எல்லாமே. இப்படிப்பட்ட வீட்டில் பெட்டியின் பலத்தைக் கூட்டிப் பயனில்லை. பெட்டியைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். தறிக் கூடத்துக்கு ஒரு ஒயர் இழுத்து, முனையில் இன்னொரு சின்ன பெட்டி வைக்க வேண்டும். ஒயரில்லாமல் நடுவில் வைக்கிற ரிப்பீட்டரைப் பலர் வாங்கி ஏமாறுகிறார்கள். அது கேட்டதைத் திரும்ப ஒரு முறை சொல்ல வேண்டியிருப்பதால், ஒரே அலையில் ஓடுகிற வகையில் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும்.

ஒயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மலிவாகக் கிடைக்கிற லேன் ஒயர்களில் பல, அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசியவை. தூரம் போகப் போகத் தடுமாறும், முனையில் ஒடியும். உள்ளே இருக்கிற எட்டு இழையில் ஒன்று போனாலே 1000இல் ஓட வேண்டியது 100க்கு இறங்கிவிடும், இல்லை நின்றே போகும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். எங்கள் ஊரில் ஜரிகை அசலா என்று சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் அசல். ஒயரையும் கத்தியால் அப்படியே சுரண்டிக் காட்டுகிறேன். உள்வரை செம்பின் சிவப்பு இருந்தால் அசல், வெள்ளை தெரிந்தால் போலி. இதற்குமேல் ஒரு தறிக்காரருக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. விலை கூடினாலும் நல்லதையே போடச் சொல்லிவிடுவார்.

சின்னக் குறைகளும் உண்டு, அவற்றை மறந்தால் நாள் முழுக்க அலைய வேண்டும். பெட்டியின் 12 வோல்ட் அடாப்டர் நாலைந்து வருடத்தில் தளர்ந்துவிடும். விளக்கு எரியும், ஆனால் வேலை கூடும்போது பெட்டி தானாக அணைந்து எழும். சித்திரை வெயிலில் மூடிய அலமாரிக்குள் வைத்த பெட்டி கொதிக்கும். "100 வாங்குறேன், 12தான் காட்டுது" என்று வருகிற புகாரில் குறையே இருக்காது. பிளான் பிட் கணக்கு, இறக்கும்போது காட்டுவது பைட் கணக்கு. எட்டு பிட் ஒரு பைட். கூப்பிட்டவரை அலட்சியப்படுத்தாமல், எட்டால் வகுத்து எழுதிக் காட்டிவிட்டு வருவேன்.

கடினமானது ஒன்றே ஒன்று. ஒயரில் காலையில் 100, இரவில் 20 என்று வந்தால் குறை வீட்டில் இல்லை. ஒரு ஃபைபரின் 2.5 ஜிபிபிஎஸ்ஸை 32 வீடு, 64 வீடு பங்கு போட்டுக்கொள்கின்றன. அதற்கும் மேலே ஊருக்கு வருகிற பெரிய இணைப்பு நிரம்பியிருக்கலாம். அப்போது "குறை எங்க பக்கம்தான், உங்க வீட்ல இல்ல" என்று சொல்ல வாய் வர வேண்டும். புதுப் பெட்டி விற்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. ஆனால் ஒரு சேலைக்கு நாள்கணக்கில் உட்கார்ந்து கூலி வாங்குகிறவரிடம் தேவையில்லாத பெட்டியை விற்றால், அவருடைய எத்தனை நாள் கூலி அது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அந்தக் கூலியில்தான் உலை கொதித்தது.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. வீட்டுக்கு ஒரு பக்கம். பெட்டி எந்தச் சுவரில், வெளிச்சம் எவ்வளவு, எந்தச் சேனல், ஒயர் போட்ட தேதி, தறியில் உட்கார்ந்து பார்த்த எண். அடுத்த முறை போகும்போது எது மாறியிருக்கிறது என்பதை அந்தப் பக்கம் சொல்லிவிடும். இப்போது என்னோடு ஒரு பையன் வேலை கற்கிறான். தறிக்கார வீட்டுப் பிள்ளைதான். போன வாரம் முதல் முறையாக அவனைத் தனியாக அனுப்பினேன். மாமா வீட்டுக்குத்தான். நோட்டைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

முக்கால் மணி நேரம் கழித்துப் போன் வந்தது. "அண்ணா, ஒயர்ல முழுசா வருது. தறியில மைனஸ் 79. நோட்டுல 61ன்னு கீது." பிறகு அவன் நடக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நிலைப்படி பக்கத்துல புதுசா ஒரு பீரோ வச்சிக்கீறாங்கண்ணா. அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு வாங்குனதாம். பெட்டியை மறச்சிக்கினு நிக்குது."

"சரி, என்ன பண்ணப் போற?"

"மாமா கேட்டாரு, பிளான மாத்தணுமான்னு. வேணாம் மாமா, பெட்டியை ரெண்டடி தள்ளினா போதும்னேன்." பின்னால் தறியின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "ஏணி எடுத்துட்டு வரட்டுமாண்ணா?"